எல்லாருக்கும் மூச்சு 20தானா?

இரவுப்பணி | இரவு 9:12

போன வாரம் நைட் டியூட்டியில் நடந்ததை யாரிடமாவது சொல்லித் தீர வேண்டும். வீட்டில் சொன்னால் வேலையை விடு என்பார்கள். அதனால் இங்கே.

ஜி.என்.எம். நர்சிங் படிப்பு முடித்து 3 வருடம் ஆகிறது. தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனை, சர்ஜிக்கல் வார்டு. பெயர் கேட்காதீர்கள். இரவில் 34 பேஷண்டுக்கு நானும் இன்னொரு ஸ்டாஃபும் ஒரு ஆயாம்மாவும்.

அன்று சாயங்காலம் ஒருவருக்குக் குடலிறக்க ஆபரேஷன். 60 வயதை நெருங்கியவர், கனத்த உடம்பு. 9 மணிக்கு வார்டுக்கு வந்தார், 4 லிட்டர் ஆக்சிஜன் மாஸ்க்கோடு. 11 மணிக்கு வலி தாங்கவில்லை என்றார். ஆர்டரில் இருந்தபடி டிரமடால் 100 மி.கி. ட்ரிப்ஸில் போட்டு, வாந்திக்குப் புரோமெத்தசின் 25 மி.கி.யும் கொடுத்தோம். அப்புறம் தூங்கிவிட்டார். 12 மணி வைட்டல்ஸ் நான்தான் எடுத்தேன். பி.பி. 124/78, பல்ஸ் 76, சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு) 97, மூச்சு நிமிடத்துக்கு 20.

2:30க்குப் பக்கத்துக் கட்டிலில் ட்ரிப்ஸ் மாற்றப் போனேன். ஆபரேஷன் ஆனவரின் பையன், “அப்பா நல்லா குறட்டை விட்டுத் தூங்குறாரு சிஸ்டர், மூணு நாளா தூக்கமே இல்ல” என்று சந்தோஷமாகச் சொன்னார். நானும் சிரித்தேன். திரும்பும்போது குறட்டை நின்றது. அடுத்தது வர ரொம்ப நேரம் ஆனது போல இருந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ணினேன். 7. நம்பாமல் இன்னொரு நிமிடம் எண்ணினேன். மறுபடியும் 7. சாச்சுரேஷன் அப்போதும் 97தான்.

தோளைப் பிடித்து உலுக்கினால் கண்ணைத் திறந்து “ம்” என்பார், உடனே மூடிக்கொள்வார். கண்மணி குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கியிருந்தது. டியூட்டி டாக்டர் ஓடி வந்தார். மார்ஃபின் வகை மருந்தை முறிக்கிற நலோக்சோன் வார்டில் இல்லை, ஓ.டி.யில் (ஆபரேஷன் தியேட்டரில்) இருந்து வர 6, 7 நிமிடம் ஆனது. அதுவரை, கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கிற ஆம்பு பையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, தாடையைத் தூக்கிப் பிடித்தபடி “ஐயா, மூச்சை இழுங்க, ஐயா, மூச்சை இழுங்க” என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். சொன்னால் இழுத்தார். சொல்லாவிட்டால் மறந்துவிட்டார்.

பிழைத்தார். ஒரு நாள் ஐ.சி.யூ.வில் இருந்தார், 5ஆம் நாள் வீட்டுக்கு நடந்தே போனார். பையன் எனக்கு ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தார். அதுதான் தொண்டையில் நிற்கிறது. 12 மணிக்கு அந்த 20ஐ எழுதியது நான். எண்ணவே இல்லை. 9 மணிக்கு எழுதியிருந்த 20ஐப் பார்த்து எழுதினேன். அன்றைக்கு எங்கள் வார்டில் 34 பேருக்கும் மூச்சு 20.

உங்கள் வார்டிலும் இப்படித்தானா?


ஐ.சி.யூ. ஆந்தை | இரவு 9:31

நான் முதலில் வேலை பார்த்த இடத்தில் 18. எல்லாருக்கும் 20 போட்டால் பார்க்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும், 18, 20, 18, 20 என்று மாற்றி மாற்றிப் போடு என்று சீனியர் சொல்லிக் கொடுத்தார். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.


மணலி ஸ்டாஃப் | இரவு 9:40

சிஸ்டர், முதலில் இந்தப் பதிவை அழியுங்கள். ஊர் பேர் சொல்லாவிட்டாலும் உங்கள் ஆட்கள் படித்தால் புரிந்துகொள்வார்கள். வேலை போனால் யார் வருவார்கள்?

ரெண்டாவது, 34 பேருக்கு 2 பேர். பொது வார்டில் 5 படுக்கைக்கு ஒரு நர்ஸ் இருக்க வேண்டும் என்று நர்சிங் கவுன்சில் கணக்கே இருக்கிறது. ஆளுக்கு ஒரு நிமிடம் மூச்சு எண்ணினால் 34 நிமிடம் அதற்கே போய்விடும். பி.பி. யார் பார்ப்பது, மருந்து யார் கொடுப்பது, “சிஸ்டர், ட்ரிப்ஸ் முடிஞ்சிடுச்சு” என்று கூப்பிடுகிறவரிடம் யார் போவது? குற்றம் உங்களுடையது இல்லை.


இரவுப்பணி | இரவு 9:52

அழிக்கப் போவதில்லை அண்ணா. ஆள் குறைவு என்பது உண்மைதான். ஆனால் அன்று 12 மணிக்கு நான் அவர் கட்டிலருகே நின்றேன். பி.பி. பட்டை கட்டி, காற்று இறங்கும்வரை சும்மாதான் நின்றேன். அந்த நேரத்தில் அவர் மார்பைப் பார்த்திருக்கலாம். நான் அடுத்த கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.


கல்மண்டபம் அக்கா | இரவு 10:15

கண்ணு, ஓய்வு பெற்றுவிட்டேன், 31 வருடம் வார்டில் நின்ற கால் இது. நானும் 20 எழுதியிருக்கிறேன். எழுதாதவர் யாராவது இருந்தால் இந்த இழையில் வந்து சொல்லட்டும்.

மணலித் தம்பி சொல்வதில் பாதி சரி. 34 பேருக்கும் முழு நிமிடம் எண்ண முடியாது. யாருக்கு எண்ணியே தீர வேண்டும் என்று டியூட்டி எடுக்கும்போதே முடிவு செய்துகொள்ள வேண்டும். ஆபரேஷன் முடிந்து 24 மணி நேரம் ஆகாதவர். வலிக்கோ தூக்கத்துக்கோ மருந்து போனவர். ஆக்சிஜனில் இருப்பவர். அன்றைக்குப் புதிதாகக் காய்ச்சல் ஏறியவர். சர்க்கரை எகிறி நிற்பவர். அப்புறம் “எங்க வீட்டுக்காரர் ஒரு மாதிரியா இருக்காரு” என்று பெண்டாட்டி சொல்கிற ஆள், அவர் சார்ட் எவ்வளவு அழகாக இருந்தாலும். இத்தனை பேரைக் கூட்டினாலும் ஒரு வார்டில் 7, 8 பேருக்கு மேல் வராது. 8 நிமிடம் யாரிடமும் உண்டு.

எண்ணும்போது மூச்சை எண்ணுகிறேன் என்று சொல்லிவிடாதே. சொன்னால் மனுஷன் உடனே ஒழுங்காக மூச்சு விட ஆரம்பித்துவிடுவான், நீயும் நானும்கூட அப்படித்தான். பல்ஸ் பார்க்கிற மாதிரி மணிக்கட்டைப் பிடித்துக்கொள். பல்ஸை எண்ணி முடித்தபிறகும் கையை விடாதே. அப்படியே வயிற்றைப் பார். போர்வையோ புடவையோ மறைத்தால், பிடித்த கையை அவர்கள் வயிற்றின் மேலேயே வைத்துக்கொண்டால் ஏறி இறங்குவது கைக்குத் தெரியும்.

15 விநாடி எண்ணி 4ஆல் பெருக்குகிறார்களே, அதைப் பற்றி ஒரு வார்த்தை. அப்படிச் செய்தால் விடை 12, 16, 20, 24 என்றுதான் வரும். நடுவில் ஒரு எண்ணும் வராது. ஒரே ஒரு மூச்சைத் தவறவிட்டாலும் 4 குறைந்துவிடும். பல்ஸுக்கு அந்தக் குறுக்குவழி ஓரளவு போகும், அதிகம் துடிப்பதால். மூச்சுக்கு ஆகாது. நீ எண்ணிய அந்த 7ஐயே 15 விநாடி பார்த்திருந்தால் ஒரு மூச்சும் வந்திருக்கலாம், மூன்றும் வந்திருக்கலாம். மூன்று என்றால் 12. நார்மல் என்று எழுதிவிட்டுப் போயிருப்பாய்.


மூன்றாம் ஆண்டு | இரவு 10:28

அக்கா, நான் பி.எஸ்ஸி. நர்சிங் மூன்றாம் வருடம். புத்தகத்தில் 12 முதல் 20 நார்மல் என்று படித்தோம். எனக்குப் புரியாத ஒன்று: மூச்சு 7 என்றால் சாச்சுரேஷன் எப்படி 97 இருந்தது? விழுந்திருக்க வேண்டாமா?


டியூட்டி ரூம் | இரவு 10:50

நான் அனஸ்தீசியா (மயக்க மருந்து) டாக்டர். நல்ல கேள்வி, டாக்டர்களே தடுக்கி விழுகிற இடம் இது.

மூச்சுக்கு ரெண்டு வேலை. ஆக்சிஜனை உள்ளே கொண்டுவருவது ஒன்று, கார்பன் டை ஆக்சைடை வெளியே தள்ளுவது இன்னொன்று. விரலில் மாட்டும் கருவி முதல் வேலையை மட்டும்தான் பார்க்கும். மாஸ்க்கில் 4 லிட்டர் போகும்போது உள்ளே வரும் ஒவ்வொரு மூச்சிலும் ஆக்சிஜன் செறிவு அதிகம், அதனால் நிமிடத்துக்கு 7 மூச்சே ரத்தத்தைச் சிவப்பாக வைத்திருக்கப் போதும். ஆனால் கார்பன் டை ஆக்சைடு வெளியே போக வழியில்லாமல் ஏறிக்கொண்டே போகும். அது ஏற ஏற மயக்கம் கூடும், மயக்கம் கூடக் கூட மூச்சு இன்னும் குறையும். சாச்சுரேஷன் விழும்போது கதை கடைசி அத்தியாயத்தில் இருக்கும். மாஸ்க் இல்லாமல் இருந்திருந்தால் அந்தக் கருவி முன்னாடியே கத்தியிருக்கும்.

இதற்காக மாஸ்க்கைக் கழற்றிவிடக் கூடாது. மாஸ்க் இருக்கும்போது 97ஐ நம்பக் கூடாது, அவ்வளவுதான்.

இரவுப்பணி சிஸ்டர், ஒரு கேள்வி. ஓ.டி.யில் அவருக்கு மார்ஃபின் கொடுத்திருந்தார்களா? கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் எவ்வளவு?


இரவுப்பணி | இரவு 11:04

ஆமாம் சார், மாலை 7 மணிக்கு மார்ஃபின் கொடுத்ததாக ஓ.டி. தாளில் இருந்தது. டியூட்டி மாறும்போது ஹேண்ட் ஓவரில் எனக்குச் சொல்லவில்லை, பிறகுதான் பார்த்தேன். கிரியேட்டினின் 1.9.


டியூட்டி ரூம் | இரவு 11:20

நினைத்தேன். மார்ஃபின் உடம்பில் உடையும்போது உண்டாகும் ஒரு பொருளும் மார்ஃபினைப் போலவே மயக்கும், மூச்சைக் குறைக்கும். அது சிறுநீர் வழியாகத்தான் வெளியேற வேண்டும். கிட்னி இவருடையது போல மந்தமாக இருந்தால் தேங்கிவிடும். அதன் மேல் டிரமடால், அதற்கும் இதே கதை. அதன் மேல் தூக்கம் வரவைக்கும் புரோமெத்தசின். கனத்த உடம்பு, குறட்டைக்காரர். தனித்தனியாகப் பார்த்தால் எந்த ஆர்டரிலும் பெரிய தப்பில்லை. நாலும் ஒரே ராத்திரியில் ஒரே ஆள் மேல் ஏறியதுதான் விஷயம், நாலையும் சேர்த்துப் பார்க்கிற இடத்தில் அன்று யாரும் இல்லை. எங்கள் ஆட்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மருந்து போன ஆளுக்கு மூச்சு குறைவதற்கு முன்னால் தூக்கக் கலக்கம் வந்துவிடும். கூப்பிட்டால் எழுந்து பேச்சு கொடுத்துக்கொண்டிருந்தால் பயமில்லை. பாதிப் பேச்சில் தூங்கிப் போனால் அடுத்த டோஸைக் கொடுக்காமல் போன் போடுங்கள். “தூங்குறாரு, எழுப்ப வேண்டாம்” என்பது கரிசனமாகத்தான் தெரியும். ஆபரேஷன் ஆன முதல் ராத்திரியில் எழுப்பிப் பார்ப்பதுதான் கரிசனம்.

நலோக்சோன் பற்றி: 0.4 மி.கி. ஆம்பூலை 10 மி.லி. ஆக்கினால் 1 மி.லி.யில் 40 மைக்ரோகிராம். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்போம். மொத்தமாக ஏற்றினால் வலியும் மொத்தமாகத் திரும்பி, பி.பி. எகிறிவிடும். டிரமடாலை அது பாதிதான் முறிக்கும், சிலருக்கு வலிப்பும் வரலாம். இன்னொன்று, அதன் வேலை அரை மணி, ஒரு மணி நேரத்தில் அடங்கிவிடும், உள்ளே இருக்கும் மார்ஃபின் அடங்காது. எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்று வார்டிலேயே விட்டால் 4 மணிக்கு மறுபடி அதே நிலை வரும். ஐ.சி.யூ.வுக்கு மாற்றியது சரியான வேலை.


வியாசை பையன் | இரவு 11:41

நான் நர்ஸ் இல்லை, டாக்டர் இல்லை. வியாசர்பாடியில் பைக் மெக்கானிக். கூகுளில் வேறு எதையோ தேடி இங்கே வந்தேன். படிக்கப் படிக்க வயிறு எரிகிறது.

எங்கம்மாவுக்குச் சர்க்கரை. காலில் புண் என்று ஒரு இடத்தில் சேர்த்தோம். எங்கே என்று சொல்லமாட்டேன். இரண்டாம் நாள் ராத்திரி அம்மா புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு விட்டாங்க. பேச்சு குழறல. ஆனா என்னைப் பார்த்து என் தம்பி பேரைச் சொன்னாங்க. சிஸ்டரிடம் போய்ச் சொன்னேன். வந்து விரலில் மாட்டிப் பார்த்துட்டு “98 இருக்கு, பயத்துல மூச்சு வாங்குது, தண்ணி கொடுங்க” என்றார். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பப் போனேன். “நீங்க டென்ஷன் ஆனா அவங்களும் ஆவாங்க” என்றார். விடியற்காலையில் பி.பி. விழுந்து ஐ.சி.யூ. அம்மா உயிரோடு இருக்காங்க, முழங்காலுக்குக் கீழே ஒரு கால் இல்லை.

பிறகு ஃபைலை ஜெராக்ஸ் எடுத்தேன். அந்த ராத்திரி முழுக்க அந்தக் கட்டத்தில் 20, 20, 20. அது என்ன கட்டம் என்று இன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.


ஐ.சி.யூ. ஆந்தை | இரவு 11:58

தம்பி, உங்களுக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை. நடந்தது மட்டும் சொல்கிறேன், வேண்டாம் என்றால் தாண்டிப் போங்கள்.

ரத்தத்தில் கிருமி பரவும்போதும் சர்க்கரை கட்டுக்கடங்காமல் ஏறும்போதும் உடம்பில் அமிலம் சேரும். அந்த அமிலத்தைக் குறைக்க உடம்புக்குத் தெரிந்த வேகமான வழி, கார்பன் டை ஆக்சைடை ஊதித் தள்ளுவது. அதனால் மூச்சு வேகமாகும், ஆழமாகும். நுரையீரல் நன்றாக இருப்பதால் சாச்சுரேஷன் 98ஆகவே இருக்கும். உங்கள் அம்மாவுக்குப் பயமும் இருந்திருக்கலாம். ஆனால் ஆள் மாறாட்டமாகப் பேசியது பயத்தில் வருவதில்லை. மூச்சும் நினைவும் சேர்ந்து மாறினால் அது உடம்பு அடிக்கிற மணி. பி.பி. விழுவது அதற்கும் பிறகு, உடம்பு கையை விரித்தபிறகு.

நர்ஸ் நண்பர்களுக்கு: இங்கிலாந்தில் ராயல் காலேஜ் ஆஃப் பிசிசியன்ஸ் 2012இல் கொண்டுவந்து 2017இல் திருத்திய ‘நியூஸ் 2’ என்ற, நோயாளி மோசமாவதைக் கண்டுபிடிக்கும் மதிப்பெண் முறை இருக்கிறது. அதில் மூச்சு 12 முதல் 20 வரை பூஜ்யம். 21 முதல் 24க்கு 2. 25க்கு மேலும் 8க்குக் கீழும் போனால் 3. 8, 25 இரண்டும் அந்த 3க்குள்தான். ஒரே கட்டத்தில் 3 வந்தாலே டாக்டருக்குச் சொல்ல வேண்டும். மொத்தம் 5 வந்தால் அவசரம், 7 வந்தால் ஓடவேண்டிய அவசரம். இந்த அம்மாவுக்கு மூச்சு 28 என்று வைத்துக்கொண்டால் 3, புதிய குழப்பம் இன்னொரு 3. பி.பி.யைத் தொடாமலேயே 6. 20 என்று எழுதியதும் பாதி மறைந்துவிட்டது.

செப்சிஸுக்கு, அதாவது நான் சொன்ன அந்தக் கிருமிப் பரவலுக்கு, 2016இல் வந்த சுருக்கக் கணக்கில் மூச்சுக்கான எல்லை 22. அதை மட்டும் நம்பி நோயாளிகளைச் சலித்தெடுக்க வேண்டாம் என்று 2021 வழிகாட்டுதல் சொல்லிவிட்டது, அது வேறு. ஆனால் யோசித்துப் பாருங்கள். அக்கா சொன்ன 15 விநாடிக் கணக்கில் 22 என்ற எண்ணே பிறக்காது. நான் பார்த்த கேஸ் ஷீட்களில் 22ஐ ஒரு கை விரல் எண்ணிக்கைக்குத்தான் பார்த்திருப்பேன்.


மணலி ஸ்டாஃப் | நள்ளிரவு 12:10

தம்பியின் வேதனை புரிகிறது. ஆனால் அந்த சிஸ்டர் அன்று எத்தனை பேரைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதும் அந்த ஜெராக்ஸில் வராது.


வியாசை பையன் | நள்ளிரவு 12:14

வராதுதான் சார். எங்கம்மாவோட மூச்சும் அதுல வரல.


கல்மண்டபம் அக்கா | காலை 6:05

ராத்திரி தூக்கம் வரவில்லை.

வியாசைத் தம்பி, உன் அம்மாவை நீ பார்த்தது சரி. வார்டில் 8 மணி நேரம் நிற்கிற எங்களைவிடக் கூடவே வாழ்கிறவனுக்குத்தான் ‘இது எங்கம்மா இல்லை’ என்று தெரியும். அடுத்த முறை யாருக்காவது நின்றால், “மூச்சு எவ்வளவு, ஒரு நிமிடம் எண்ணிச் சொல்லுங்க சிஸ்டர்” என்று எண்ணைக் கேள். “பயமா இருக்கு” என்றால் ஆறுதல் சொல்வார்கள். எண்ணைக் கேட்டால் எண்ண வேண்டியதாகிவிடும்.

2020 மே மாதம் ஞாபகம் வருகிறது. ராயபுரம் மண்டலத்தில்தான் ஊரிலேயே அதிகமாகக் கொரோனா. போனில் பேரனோடு சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார், சாச்சுரேஷன் 80 சொச்சம் காட்டும். “மூச்சு வாங்குதா?” என்றால் “இல்லையே சிஸ்டர்.” எண்ணினால் 32. அந்த ரெண்டு மாதம் நாங்கள் எல்லாரும் எண்ணினோம். முழு நிமிடம். அப்புறம் அலை ஓய்ந்தது, 20ம் திரும்பி வந்துவிட்டது.


எண்ணூர் எக்ஸ்பிரஸ் | காலை 7:22

மானிட்டர் வாங்கி வைத்தால் வேலை முடிந்தது. இதற்கு ஏன் இத்தனை பக்கம்?

அப்புறம் ஒரு பாயிண்ட்: பீடி பிடித்து நுரையீரல் போன ஆட்களுக்கு ஆக்சிஜனே வைக்கக் கூடாது, வைத்தால் மூச்சே நின்றுவிடும் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அதையும் போடுங்கள்.


ஐ.சி.யூ. ஆந்தை | காலை 7:40

மானிட்டர் நடுவில் இருந்துதான் எழுதுகிறேன். மார்பில் ஒட்டும் இ.சி.ஜி. பட்டைகள் வழியாக மார்பு அசைவதைத்தான் அது எண்ணுகிறது, காற்று போவதை இல்லை. நாக்கு பின்னால் விழுந்து தொண்டை அடைத்தவர் மார்பை மட்டும் இழுத்து இழுத்துப் போராடுவார், காற்றே போகாது, திரையில் 18 என்று பச்சையாக நிற்கும். இருமினால், புரண்டால், 40 காட்டும். வெளிவரும் காற்றில் கார்பன் டை ஆக்சைடை அளக்கிற கருவி இருந்தால் கதை வேறு, ஆனால் வார்டில் அது யாரிடம் இருக்கிறது?

விரல் கருவியும் அப்படித்தான். மருதாணி இருட்டாக இட்ட விரல், ஐஸ் கூடையில் மீன் எடுத்துவிட்டு வந்த காசிமேட்டு அம்மாவின் சில்லிட்ட விரல், இரண்டிலும் தகராறு செய்யும்.


டியூட்டி ரூம் | காலை 8:15

எக்ஸ்பிரஸ், ஆக்சிஜனே கூடாது என்பது தப்பு, ஆபத்தான தப்பு. ஆக்சிஜன் இல்லாமல் இறப்பது நிமிடக் கணக்கு. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்களில் கார்பன் டை ஆக்சைடு தேங்கும் ஆபத்து இருப்பவர்களுக்குச் சாச்சுரேஷன் 88 முதல் 92 வரை நிற்கும்படி அளந்து கொடுக்க வேண்டும், 99க்கு ஏற்றக் கூடாது. இங்கே துறைமுகத்திலும் கரி அடிக்கிற இடத்திலும் வேலை பார்த்துவிட்டு வருகிற பெரியவர்கள் நிறையப் பேர், அதனால் இந்த எண் நம் பக்கத்துக்கு ரொம்பவே தேவை. அளந்து ஆக்சிஜன் கொடுக்கிற வெஞ்சுரி மாஸ்க்கில் நீல முனை என்றால் 24 சதவீதம், வெள்ளையில் 28, அதில் தொடங்கலாம். ஆரம்பித்தபிறகு ஆள் மந்தமாகிறாரா, மூச்சு குறைகிறதா என்று பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.


மூன்றாம் ஆண்டு | காலை 8:30

சார், ராத்திரி 2 மணிக்கு டாக்டரை எழுப்பப் பயமாக இருக்கும் என்று சீனியர்கள் சொல்கிறார்கள். இரவுப்பணி அக்கா போனில் என்ன சொன்னார்கள்?


இரவுப்பணி | காலை 9:02

நைட் முடிந்து இப்போதுதான் வந்தேன். உண்மையைச் சொன்னால் முதல் தடவை உளறினேன். “சார், 12ஆம் நம்பர் பேஷண்ட் கொஞ்சம் சரியில்லை சார்” என்றேன். “பி.பி. எவ்வளவு?” என்றார். 118/74 என்றேன். “சாச்சுரேஷன்?” 97. “அப்புறம் என்ன, தூங்கட்டும்” என்று வைத்துவிட்டார். மறுபடி அடித்தேன். “சார், குடலிறக்க ஆபரேஷன் ஆனவர், முதல் ராத்திரி. மூச்சு 7, ரெண்டு தடவை முழு நிமிடம் எண்ணிட்டேன். உலுக்கினாத்தான் கண் திறக்கிறார், கண்மணி சுருங்கியிருக்கு. 11 மணிக்கு டிரமடால் போயிருக்கு. நீங்க இப்பவே வரணும்.” அவர் பதிலே சொல்லவில்லை. படியில் செருப்புச் சத்தம்தான் கேட்டது.


டியூட்டி ரூம் | காலை 9:20

ரெண்டாவது போனை அச்சடித்து எல்லா வார்டு டெலிபோனுக்குப் பக்கத்திலும் ஒட்டலாம். யார், என்ன நடந்தது, நான் பார்த்தது என்ன, எனக்கு என்ன வேண்டும். எஸ்.பி.ஏ.ஆர். என்று பாடத்தில் வருவது இதுதான், அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் இருந்து வந்த பழக்கம். தூக்கத்தில் இருப்பவன் காதில் ‘கொஞ்சம் சரியில்லை’ ஏறாது. 7 ஏறும். நானும் அப்படி வைத்துவிட்ட டாக்டர்தான், ஒரு காலத்தில்.


எண்ணூர் எக்ஸ்பிரஸ் | காலை 9:48

ஆக்சிஜன் விஷயத்தில் திருத்தியதற்கு நன்றி சார். இன்னொன்று கேட்கலாமா? எங்கள் பகுதியில் வீட்டில் இன்சுலின் போடுகிறவர்கள் அடிக்கடி மயங்கி வருகிறார்கள். இன்சுலின் பேனாவின் ஊசி தீர்ந்துபோனால், அதற்குள் இருக்கும் மருந்துக் கார்ட்ரிட்ஜில் இருந்து சிரிஞ்சில் உறிஞ்சிப் போடுகிறார்கள்.


கல்மண்டபம் அக்கா | காலை 10:10

ஐயோ. நம் ஊர்க் குப்பி 1 மி.லி.க்கு 40 யூனிட், அதற்குச் சிவப்பு மூடிச் சிரிஞ்ச். பேனாக் கார்ட்ரிட்ஜ் 1 மி.லி.க்கு 100 யூனிட். சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 20 கோடு வரை அதை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட். இரண்டரை மடங்கு. மயங்காமல் என்ன செய்வார்கள்? கார்ட்ரிட்ஜில் சிரிஞ்சைக் குத்தவே கூடாது. குப்பியில் 100 என்று போட்டிருந்தால் ஆரஞ்சு மூடி. வீட்டுக்கு அனுப்பும்போது குப்பியையும் சிரிஞ்சையும் அவர்கள் கையிலேயே கொடுத்துப் போட்டுக் காட்டச் சொல்ல வேண்டும். மருந்துச் சீட்டைப் படித்துக் காட்டினால் தலையைத்தான் ஆட்டுவார்கள்.


நெறியாளர் | காலை 10:25

இன்சுலின் தனி இழைக்கு உரியது, திறந்து வைத்திருக்கிறேன். இங்கே மூச்சைத் தொடரலாம்.


இரவுப்பணி | காலை 10:31

தூங்கப் போவதற்கு முன் என் நிஜக் கேள்வி. 12 மணிக்கு எழுதிய அந்த 20. அதை என்ன செய்வது? 2:35க்குக் கீழே “முழு நிமிடம் எண்ணியது, 7” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். மேலே உள்ள 20 அப்படியே இருக்கிறது. இன்சார்ஜ் சிஸ்டர் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.


மணலி ஸ்டாஃப் | காலை 10:40

தொடாதீர்கள். விட்டுவிடுங்கள்.


கல்மண்டபம் அக்கா | காலை 11:15

தொடக் கூடாதுதான், ஆனால் தம்பி சொல்கிற காரணத்துக்காக இல்லை. நடந்து முடிந்தபிறகு சார்ட்டில் எண்ணை மாற்றினால் அது இன்னொரு பொய். அடித்துத் திருத்தினாலும், 12 மணிக்கு உண்மையில் எவ்வளவு என்று உனக்குத் தெரியாது, எதை எழுதுவாய்?

இன்சார்ஜிடம் தனியாக உட்கார்ந்து வாயால் சொல். “12 மணிக்கு நான் எண்ணவில்லை, 9 மணிக்கும் எண்ணியிருக்க மாட்டார்கள், மார்ஃபின் போனது எனக்கு ஹேண்ட் ஓவரில் வரவில்லை, வார்டில் நலோக்சோன் இல்லை.” நாலையும் சேர்த்துச் சொல். முதலாவதை மட்டும் சொன்னால் உன் தலையோடு கதை முடிந்துவிடும். கடைசி மூன்றை மட்டும் சொன்னால் நீ தப்பிக்கப் பார்க்கிறாய் என்பார்கள். எழுதிக் கேட்டால் எழுதிக் கொடு, ஒரு நகல் வைத்துக்கொள். மெமோ வரலாம், வராது என்று நான் பொய் சொல்ல மாட்டேன்.


வியாசை பையன் | காலை 11:32

சிஸ்டர், நேற்று ராத்திரி கோபமாக எழுதினேன். இன்னமும் கோபம்தான். ஆனா அன்னைக்கு எங்கம்மா வார்டில் இருந்த சிஸ்டர் உங்களை மாதிரி ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் ஃபைலை ஜெராக்ஸ் எடுக்கப் போயிருக்க மாட்டேன்.


இரவுப்பணி | மறுநாள் மாலை 6:47

சொல்லிவிட்டேன். நாலையும். இன்சார்ஜ் சிஸ்டர் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், “நானும் எண்ணுறதில்லை” என்றார். மெமோ வருமா என்று இன்னும் தெரியாது. நலோக்சோன் 2 ஆம்பூல் இன்று எங்கள் எமர்ஜென்சி ட்ரேவில் வந்துவிட்டது, ஓ.டி. தாளை வார்டு ஃபைலின் முதல் பக்கமாக வைக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

ஒரு சின்ன உதவி. வார்டுக்குள் போன் எடுத்துப் போகக் கூடாது, சுவர்க் கடிகாரம் 3 கட்டிலுக்குத்தான் தெரிகிறது. கைக்கடிகாரம் கட்டினால் கை கழுவ முடியவில்லை. என்ன செய்கிறீர்கள் எல்லாரும்?


கல்மண்டபம் அக்கா | மாலை 7:05

சட்டையில் குத்துகிற தொங்கும் கடிகாரம். தலைகீழாகத் தொங்கும், குனிந்து பார்த்தால் நேராகத் தெரியும். விநாடி முள் இருக்கிறதா என்று பார்த்து வாங்கு, சிலதில் அழகுக்கு முள்ளே வைக்க மாட்டார்கள். பர்மா பஜாரில் கேட்டுப் பார். கிடைக்காவிட்டால் என்னிடம் ஒன்று இருக்கிறது, பேட்டரி மட்டும் மாற்ற வேண்டும். கல்மண்டபத்துக்கு வந்து வாங்கிக்கொண்டு போ.


இரவுப்பணி | மாலை 7:09

நாளைக்கு டே ஆஃப். 11 மணிக்கு வரேன் அக்கா.